பூஜ்யம் வீட்டில் இரைச்சல்

"கொர்ர்ர்..." என்றது தொலைபேசி.

"ஹலோ, யாரு?" என்றார் பூஜ்யம்.

"கொர்ர்ர்..."

இரைச்சலுக்கு அடியில் ஒரு பெண் குரல், கவிழ்த்த வாளிக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல, எதையோ மன்றாடிக்கொண்டிருந்தது. பூஜ்யம் ரிசீவரை மேஜை விளிம்பில் இரண்டு தட்டு தட்டினார். குரல் போய்விட்டது. இரைச்சல் அப்படியே இருந்தது.

"யாருங்க அது?" என்று ஈரக் கையோடு சமையலறையிலிருந்து ஓடிவந்தாள் அவர் மனைவி.

"தெரியல. வெச்சுட்டாங்க."

"வெச்சுட்டாங்களா, நீங்க தட்டுன தட்டுல பயந்து ஓடிட்டாங்களா? மூணு நாளா இதே பாட்டு. இன்டர்நெட் மாட்டின அன்னைக்கு ஆரம்பிச்சது. ஒரு புகார் குடுத்தா முடிஞ்சிடும்ல?"

"என்ன குடுத்தா?"

"புகார்."

பூஜ்யம் அவசரமாக ஜன்னலைச் சாத்தினார். அந்த வீட்டுக்குள் உச்சரிக்கக் கூடாத சொல் ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

காரணம் இருந்தது. தொலைபேசி நிறுவனத்தில் அந்தப் பகுதியின் புகார் அதிகாரியே அவர்தான்.

வேலையில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. புகார் சொல்ல அழைப்பவரிடம் எடுத்த எடுப்பில், "கோளாறு எங்க லைன்ல இல்ல, உங்க வீட்டுலதான்" என்பார். அதற்கும் மசியாதவரிடம், இணைப்பு யார் பெயரில் இருக்கிறது, அவர் உயிரோடு இருக்கிறாரா, இருந்தால் ஏன் அவரே பேசவில்லை என்று வரிசையாகக் கேட்பார். அதையும் தாண்டி நிற்பவரை, "எழுத்து மூலமா குடுங்க, மூணு பிரதி" என்று முடித்துவிடுவார். ஒருமுறை அழைத்தவர் இன்னொரு முறை அழைத்ததில்லை. இதைத்தான் அவர் வாடிக்கையாளர் திருப்தி என்று மனதார நம்பினார்.

நாளடைவில் அழைப்புகளே நின்றுபோயின. பதிவேட்டில் தினமும் சிவப்பு மையில் பெரிதாக ஒரு பூஜ்யம் போட்டு, கீழே கையெழுத்திட்டு, மீதி நேரமெல்லாம் பத்திரிகை படிப்பார். அலுவலகத்தில் அவருக்குப் பூஜ்யம் என்று பெயர் வந்தது அப்படித்தான். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டும்.

இப்போது அந்தப் பூஜ்யங்களுக்கெல்லாம் பலன் கிடைக்கும் காலம். புதிதாக வந்த நிர்வாக இயக்குநர் ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தார். தொண்ணூறு நாள் தொடர்ந்து ஒரு புகாரும் பதிவாகாத பகுதியிலிருந்து ஒருவரைத் தலைமை அலுவலகத்தில் வாடிக்கையாளர் சேவைக்குத் தலைவராக்கப் போகிறார். தொண்ணூறாம் நாள், ஞாயிறு காலை சரியாகப் பத்து மணிக்கு, அவரே புகார் அதிகாரியின் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசுவார். கைபேசிக்கு அழைக்க மாட்டார். கைபேசி அவருக்குப் பரம எதிரி. நம் நிறுவனத்துக் கம்பி வழியே பேச முடியாதவன் நமக்கு அதிகாரியாக இருக்க வேண்டாம் என்று சுற்றறிக்கையிலேயே எழுதியிருந்தார்.

அன்று எண்பத்தோராம் நாள், வெள்ளிக்கிழமை. இருபத்திரண்டு வருடங்களாக அலுவலகக் கழிப்பறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து, தண்ணீர் ஊற்றும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு ஐந்தாவது மாடியும் கண்ணாடி அறையும் கண்ணில் தெரிந்தன. இந்த நேரத்தில் அவர் வீட்டு லைனிலேயே இரைச்சல்.

"என் வீட்டுலேருந்து என் ஆபீசுக்கே புகாரா? நீ என்ன பேசறேன்னு தெரிஞ்சுதான் பேசறியா?"

"தெரிஞ்சுதான் பேசறேன். ஃபோனுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு சின்னப் பெட்டி மாட்டணும். ஸ்ப்ளிட்டராம். அது இன்டர்நெட்டை ஒரு பக்கமும் பேச்சை ஒரு பக்கமும் பிரிச்சு விட்டுடும். அது இல்லாம மாட்டினா இப்படித்தான் கொர்ருங்கும்."

"உனக்கு யாரு சொன்னா இதெல்லாம்?"

"நாலு பேர்கிட்ட பேசினா நாலு விஷயம் தெரியும்."

நாலு பேர் என்றாளே, அதுதான் அவருக்கு எரிச்சல். அவள் காதில் ரிசீவர் இல்லாத நேரத்தை அவர் பார்த்ததில்லை. அக்கா என்பாள், தம்பி என்பாள், அழாதீங்க பெரியம்மா என்பாள். யார் வீட்டுக் கதையோ. 'மகளிர் வானொலி நிலையம்' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். வானொலி நிலையத்தின் பேச்சைக் கேட்டு ஒரு புகார் அதிகாரி லைன் பழுது பார்ப்பதா?

"நானே பாத்துக்கறேன்" என்றார்.

"வேண்டாங்க" என்றாள் அவள். அவள் முகத்தில் உண்மையிலேயே பயம் தெரிந்தது.

முதலில் இன்டர்நெட் பெட்டியான மோடத்தை அணைத்துப் பார்த்தார். இரைச்சல் சட்டென்று நின்றது. இவ்வளவுதானா விஷயம் என்று மீசையைத் தடவிக்கொண்டு குளிக்கப் போனார். மறுநாள் காலை அலுவலக மேஜையில் ஒரு விளக்கம் கேட்கும் கடிதம் இருந்தது. அதிகாரிகளின் வீட்டுக்கெல்லாம் இலவச இன்டர்நெட் கொடுத்ததே இயக்குநரின் திட்டம்தான். தலைமை அலுவலகத்தில் ஒரு பெரிய வரைபடம் மாட்டி, ஒவ்வொரு அதிகாரி வீட்டுக்கும் ஒரு பச்சை விளக்கு வைத்திருந்தார்கள். 'நேற்று மாலை ஆறு முதல் தங்கள் விளக்கு எரியவில்லை. காரணம் யாது?'

பூஜ்யம் மின்தடை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடி மோடத்தைப் போட்டார். கொர்ர்ர்.

அடுத்து அவருக்கு ஒரு பெரிய கவலை வந்தது. பகுதிக்கே இருந்த ஒரே லைன்மேன் மோப்பம் பிடிப்பதில் கெட்டிக்காரர். தெருவில் போகும்போது இந்த இரைச்சல் அவர் காதில் விழுந்து, விளையாட்டாக யாரிடமாவது சொல்லி, அது பதிவேட்டில் ஏறிவிட்டால்? அன்றைக்கே லைன்மேனைக் கூப்பிட்டார்.

"பகுதியில எத்தனை கம்பம் இருக்கு?"

"அறுநூறு இருக்கும் சார்."

"இருக்கும்னா? எண்ணிட்டு வா. ஒவ்வொண்ணா. கடைசிக் கம்பம் வரைக்கும். அடுத்த ஞாயித்துக்கிழமை வரைக்கும் இந்தப் பக்கம் தலை காட்டக் கூடாது."

"அப்போ லைன் கெட்டுப்போச்சுன்னா சார்?"

"யாரு லைன் கெட்டுப்போச்சு? எண்பத்திரண்டு நாளா யாராவது சொன்னாங்களா?"

லைன்மேன் அவரை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இதை இரவுச் சாப்பாட்டில் பெருமையாகச் சொன்னபோது மனைவி கரண்டியை அப்படியே வைத்தாள்.

"கம்பம் எண்ண அனுப்பிட்டீங்களா? ஒரு வாரத்துக்கா? உங்களுக்கு அறிவு கிறிவு இருக்கா?"

"அவன் கம்பம் எண்ணினா உனக்கு என்ன நஷ்டம்?"

அவள் சாப்பிடாமலே எழுந்துபோனாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பூஜ்யம் ஆராய்ச்சி செய்தார். மோடம் பக்கத்தில் இருப்பதால்தான் தொலைபேசி கொர் என்கிறது, இரண்டையும் பிரித்து வைத்தால் சரியாகிவிடும் என்று முடிவு கட்டினார். சண்டை போடும் இரண்டு குழந்தைகளுக்குச் சொல்லும் தீர்ப்பு அது. கம்பிக்கு அது புரியுமா? அலுவலகத்திலிருந்து முப்பது மீட்டர் ஒயரைக் கொண்டுவந்து கூடம், படுக்கையறை, சமையலறை என்று சுற்றி இழுத்து, மோடத்தைக் குளியலறைப் பரண் மேல் ஏற்றினார். ஒயரைத் தாண்டித் தாண்டி மனைவி பகல் முழுவதும் நடந்தாள். சாயங்காலம் ரிசீவரை எடுத்தால் கொர்ர்ரோடு கூட ஒரு ஆள் வானிலை அறிக்கை படித்துக்கொண்டிருந்தான். அந்த நீளத்து ஒயர் ஊரில் உள்ள வானொலியையெல்லாம் வாரிக்கொண்டு வந்துவிட்டது.

"நிஜமாவே வானொலி நிலையம் ஆக்கிட்டீங்க" என்றாள் மனைவி.

திங்கட்கிழமை, வேறு வழியில்லாமல், ஸ்டோருக்குப் போனார். அலமாரியில் ஸ்ப்ளிட்டர்கள் அடுக்கடுக்காக இருந்தன. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைப் பெட்டிகள்.

"ஒண்ணு குடுங்க" என்றார் பூஜ்யம்.

"புகார் எண் சொல்லுங்க சார்" என்றார் ஸ்டோர் கீப்பர், தலையை நிமிர்த்தாமல்.

"எனக்குத்தான்யா."

"உங்களுக்கே ஆனாலும் எண் வேணும் சார். புது இணைப்புக்கு ஸ்ப்ளிட்டர் சேத்துக் குடுக்கக் கூடாது, இரைச்சல்னு புகார் வந்தா மட்டும் குடுக்கணும்னு நீங்கதானே சார் உத்தரவு போட்டீங்க? புகாரே வரல. அதான் வந்த சரக்கு அப்படியே கெடக்கு."

உத்தரவு சுவரில் ஒட்டியிருந்தது. கீழே அவருடைய கையெழுத்து கொடி பறக்க நின்றது. தானே போட்ட பூட்டின் முன்னால் சாவியில்லாமல் நிற்கும் ஆளைப் பார்த்து ஸ்டோர் கீப்பருக்கு உள்ளுக்குள் எவ்வளவு குளிர்ந்திருக்கும் என்பதை அவர் முகம் காட்டவில்லை. பேனாவை எடுத்து, "எழுதிக்கட்டுமா சார்? ஒரே ஒரு புகார்" என்று மட்டும் கேட்டார்.

பூஜ்யம் அங்கிருந்து ஓடினார்.

அன்று மாலை எல்லோரும் போனபிறகு அந்தப் பகுதியின் புகார் அதிகாரி திருடனானார். வரவேற்பறையில் நிறுவனத்தின் சாதனங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்சிக்கு வைத்திருந்தார்கள். பூட்டு கிடையாது. யார் திருடப் போகிறார்கள் என்ற நம்பிக்கை. அங்கே அட்டையில் ஒட்டியிருந்த ஸ்ப்ளிட்டரைப் பிய்த்துச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். அட்டையின் ஒரு துண்டு அதன் அடியோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்தப் பெட்டியில் ஒரு பக்கம் ஒரு துளை, மறு பக்கம் இரண்டு துளைகள். அந்த இரண்டில் எது தொலைபேசிக்கு, எது மோடத்துக்கு என்று அடியில் எழுதியிருக்கும். எழுத்தின் மேல்தான் அட்டை ஒட்டியிருந்தது.

"சுரண்டிப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"இருபத்திரண்டு வருஷ அனுபவம் எனக்கு. சுரண்டிப் பாத்து மாட்டறதா?"

அனுபவத்தை வைத்து மாட்டினார். தொலைபேசி மோடத்தின் துளையிலும் மோடம் தொலைபேசியின் துளையிலும் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தன. இரைச்சல் குறையவே இல்லை. ஆனால் இன்டர்நெட் செத்துவிட்டது.

"ரெண்டையும் மாத்திச் சொருகுங்க" என்றாள்.

"பெட்டியே மட்டம். காட்சிக்கு வெச்சிருந்த சரக்குல்ல?"

மட்டமான பெட்டியை மேம்படுத்த நினைத்து ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார். உள்ளே இரண்டு கம்பிச் சுருள்கள் இருந்தன. நெம்பலில் ஒன்று அறுந்து தெறித்து சோபாவுக்கு அடியில் உருண்டது. செவ்வாய்க்கிழமை மேஜையில் இரண்டாவது கடிதம் காத்திருந்தது. 'மின்தடை தொடர்கிறதா?'

பழையபடி தொலைபேசியையும் மோடத்தையும் சுவரில் நேராக மாட்டி, பச்சை விளக்கை எரியவிட்டுவிட்டு, இரைச்சலோடு உட்கார்ந்தார். எண்பத்தைந்தாம் நாள். வீட்டுத் தொலைபேசி ஓயாமல் அடித்தது. மனைவி ஓடி ஓடி எடுத்தாள். "சத்தமா சொல்லுங்க பெரியம்மா... கேக்கல... தெரு பேரு சொல்லுங்க..." என்று தொண்டை கிழியக் கத்தினாள். கடைசியில் ரிசீவரை வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவம், படுத்த படுக்கையா கெடக்கற புருஷனை வெச்சுக்கிட்டுத் தனியா இருக்காங்க. என்ன சொல்றாங்கன்னே புரியல."

"ஊர்க் கதை கேக்க முடியலையேன்னு உனக்கு அழுகை. நான் என் தலையெழுத்தே போயிடுமோன்னு உக்காந்திருக்கேன்."

"உங்க தலையெழுத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். அவள் அதைச் சொன்ன விதம் அவருக்குப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை, நடக்கக் கூடாதது நடந்தது. அலுவலகத்தில் புகார்த் தொலைபேசி மணி அடித்தது. மூன்று மாதமாகக் கேட்காத சத்தம். பூஜ்யம் நாற்காலியிலிருந்து துள்ளி விழுந்தார்.

"சார், அஞ்சு நாளா ஃபோன் பேச்சு மூச்சு இல்லாம கெடக்கு சார். வேற வழியே இல்லாமதான் இங்க அடிக்கறேன்" என்றது ஒரு பெரியவர் குரல்.

"கோளாறு எங்க லைன்ல இல்ல, உங்க வீட்டுலதான்."

"அப்படித்தான் சொல்லுவீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்று பெரியவர் வைத்துவிட்டார்.

மதியத்துக்குள் இன்னும் ஆறு பேர். பூஜ்யம் எதையும் பதிவேட்டில் எழுதவில்லை. எழுதாதது நடக்காதது. இத்தனை நாள் இல்லாமல் இந்த வாரம் பார்த்து ஏன் அழைக்கிறார்கள் என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காமல், பக்கத்துப் பகுதி அதிகாரி பொறாமையில் ஆள் வைத்துப் பேசச் சொல்கிறான் என்று கண்டுபிடித்துவிட்டார். அன்றைக்கும் சிவப்பு மையில் பூஜ்யம் போட்டார்.

வியாழக்கிழமை அவருக்கு ஞானம் பிறந்தது. கோளாறு வீட்டில் இல்லையென்றால் எங்கே? மாடிப்படிக்குக் கீழே, குடியிருப்பு முழுவதற்குமான இணைப்புப் பெட்டியில். வாழ்நாளெல்லாம் மற்றவர்களிடம், "உங்க வீட்டுலதான்" என்று சொன்னவர், தன் முறை வந்ததும் வீட்டுக்கு வெளியே தேடப் போனார்.

பெட்டியைத் திறந்தால் கம்பிகள் கொத்துக் கொத்தாக இருந்தன. எது தன்னுடையது என்று தெரிந்துகொள்ள ஒவ்வொன்றாகக் கழற்றி முகர்ந்து பார்க்காத குறைதான். கழற்றியதையெல்லாம் நிறத்தைப் பார்த்து மாட்டினார். எல்லாம் ஒரே நிறமாகத்தான் இருந்தது.

மேலே போய் ரிசீவரை எடுத்தார். சுத்தமாக இருந்தது! ஒரு கொர் இல்லை, வானிலை அறிக்கை இல்லை.

"இங்க வா! வந்து காதுல வெச்சுப் பாரு! வானொலி நிலையமும் நாலு பேரும் என்னத்தைக் கிழிச்சாங்க?"

மனைவி காதில் வைத்துப் பார்த்தாள். அவளுக்கே நம்பிக்கை வந்துவிட்டது. அதே சமயம் மணி அடித்தது. பூஜ்யம் பறித்து எடுத்தார்.

"டாக்டர், கடவாய்ப் பல்லு உயிரு போகுது டாக்டர்."

கீழ் வீட்டில் இருந்தவர் பல் டாக்டர். இன்டர்நெட் இல்லாத அவருடைய லைன் மேலே வந்துவிட்டது. இவருடைய லைன், இவர் அரைகுறையாக முறுக்கிய கம்பியின் புது இரைச்சலோடு, கீழே போய்விட்டது.

அன்று சாயங்காலம் மட்டும் பதினொரு பல் வலிக்காரர்கள் அழைத்தார்கள். முதல் ஐந்து பேரிடம் தவறான எண் என்று சொல்லிப் பார்த்தார். ஆறாவது ஆள், "போன மாசம் நீங்க அடைச்ச பல்லுதான் டாக்டர், மறுபடியும் வலிக்குது" என்றதும் பழக்கதோஷத்தில், "கோளாறு எங்க பக்கம் இல்ல, உங்க வாயிலதான்" என்று சொல்லி வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை காலை பல் டாக்டர் மாடியேறி வந்து சொன்னவை படித்த மனிதர் யாரும் சொல்லாத வார்த்தைகள்.

அன்று, விளக்கு மறுபடியும் அணைந்ததற்கான மூன்றாவது கடிதம் போதாதென்று, மதியம் இயக்குநரின் உதவியாளர் அலுவலகத்துக்குப் பேசினார்.

"ஞாயித்துக்கிழமை நேரத்தை உறுதி பண்ண உங்க வீட்டுக்கு அடிச்சேன். ஒரே கொர்ருன்னு சத்தம். நடுவுல யாரோ ஒரு பொண்ணு, வெறும் வயித்துல வாங்க, பல்லைப் புடுங்கிடலாம்னு சொல்லுது. வீட்டுல எல்லாம் நல்லா இருக்காங்கல்ல?"

சனிக்கிழமை முழுவதும் பூஜ்யம் இணைப்புப் பெட்டிக்கும் மாடிக்கும் நடையாய் நடந்தார். மாற்ற மாற்ற, மூன்றாம் மாடி லைன் இரண்டாம் மாடிக்கும் இரண்டாம் மாடி லைன் எங்குமே இல்லாமலும் போயின. மாடிப்படியில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரும், "அம்மா இருக்காங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் மேலே போனார்கள். அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. அப்படியொரு மதிப்பு.

தொண்ணூறாம் நாள் விடிந்தது.

ஒன்பது மணிக்குப் பூஜ்யம் சலவை மடிப்புக் கலையாத சட்டையைப் போட்டுக்கொண்டு, இடிந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டை இயக்குநருக்காக. தொலைபேசியில் சட்டை தெரியாது என்று அவரிடம் யார் சொல்வது? ரிசீவரை எடுத்தார். பல் டாக்டரின் லைனும் போய் இப்போது எந்தச் சத்தமும் இல்லை. ஐந்தாவது மாடியும் கண்ணாடி அறையும் கண்ணெதிரே கரைந்தன. அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. மனைவியின் முன்னால் அழக் கூடாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த நேரம் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. லைன்மேன் வந்து நின்றார். முகம் வெயிலில் கருத்திருந்தது.

"அறுநூத்திப் பதினாலு கம்பம் சார்" என்றார். பிறகு, "என்னம்மா, லைன் செத்துக் கெடக்கா?" என்று அவளைப் பார்த்துக் கேட்டார்.

"உள்ள வா தம்பி. முதல்ல தண்ணி குடி. அப்புறம் கீழ பெட்டியைப் பாரு, இவரு அதுல கை வெச்சிருக்காரு. பத்து மணிக்கு முக்கியமான கால் வரணும்."

"ஐயையோ, கை வெச்சுட்டாரா?" என்று லைன்மேன் தண்ணீர்கூடக் குடிக்காமல் கீழே ஓடினார்.

கால் மணி நேரத்தில் எல்லா மாடியும் அவரவர் மாடிக்குத் திரும்பியது. மேலே வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய ஸ்ப்ளிட்டரை எடுத்தார். அடியில் இருந்ததைப் படித்தார். தொலைபேசியை ஒன்றிலும் மோடத்தை இன்னொன்றிலும் சொருகினார். ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு அவளிடம் நீட்டினார். இரண்டு நிமிடம் ஆகவில்லை.

"உனக்கு ஏதுய்யா இது? புகார் எண் இல்லாம ஸ்டோர்ல குடுக்க மாட்டாங்களே?" என்றார் பூஜ்யம்.

"இணைப்பு வேண்டாம்னு சொன்ன வீட்டுல கழட்டினது சார். இந்த மாதிரி பழசைப் பொறுக்கித்தான் ஓட்டறேன்."

"சரி சரி. இதைப் பதிவேட்டுல ஏத்திடாதே. இன்னைக்குத் தொண்ணூறு."

"நான் எப்போ சார் ஏத்தினேன்?" என்றார் லைன்மேன்.

மணி ஒன்பதே முக்கால். தொலைபேசி அடித்தது. இரைச்சல் இல்லாத, தேன் போன்ற மணி. மனைவி வழக்கம்போல் கையை நீட்டினாள். பூஜ்யம் அவளை விலக்கிக்கொண்டு பாய்ந்தார். பதினைந்து நிமிடம் முன்னதாகவே! அவருக்கே அவசரம் பார், என்னை விட்டால் ஆள் கிடையாது என்று உச்சி குளிர்ந்துபோயிற்று.

"ஹலோ" என்றார், புதிதாகச் செய்துகொண்ட கம்பீரக் குரலில்.

"வணக்கம். நான் நிர்வாக இயக்குநர் பேசறேன்."

"வணக்கம் சார், வணக்கம்! லைன் தெளிவா இருக்கா சார்?"

"பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்கு. அதுல பாருங்க, அந்தப் பகுதியில தொண்ணூறு நாளா ஒரு புகார்கூட இல்லைன்னதும் எனக்கு நம்பிக்கை வரல. உலகத்துல அப்படியொரு இடம் கிடையாதே. நேத்து நானே அங்க நாப்பது வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டேன்."

"எல்லாரும் திருப்தியா இருப்பாங்களே சார்."

"திருப்தியாத்தான் இருக்காங்க. ஃபோன் மட்டும் வாரம் ஒரு தடவை கெட்டுப்போகுதாம்."

பூஜ்யம் ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார்.

"கெட்டா எங்க சொல்றீங்கன்னு கேட்டா, நாப்பது பேரும் ஒரே நம்பரைச் சொல்றாங்க. ஆபீஸ் நம்பர் இல்ல. அங்க அடிச்சா யாரோ ஒருத்தர், உங்க வீட்டுலதான் கோளாறுன்னு சொல்றாராம். இந்த நம்பர்ல ஒரு அம்மா எடுப்பாங்களாம். பொறுமையா கேட்டுக்குவாங்களாம். சாயங்காலத்துக்குள்ள லைன்மேன் வாசல்ல நிப்பாராம். பன்னெண்டு நாளா அவங்க லைன்லயே இரைச்சலாம், அதான் ஊரே தவிச்சுப் போயிருக்கு. எனக்குத் தலைமை ஆபீசுல வேண்டியது அந்த மாதிரி ஆள்தான்."

ரிசீவரிலிருந்து வார்த்தை வார்த்தையாக எல்லாம் கூடத்துக்கே கேட்டது. அவ்வளவு தெளிவான லைன். லைன்மேன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

பூஜ்யம் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"பத்து மணிக்கு அந்தப் புகார் அதிகாரி வீட்டுக்கு வேற அடிக்கணும். நம்பரை உதவியாளர் எடுத்துத் தரேன்னிருக்காரு. அதுக்குள்ள அந்த அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிடலாம்னுதான் இந்த நம்பருக்கு அடிச்சேன். கொஞ்சம் கூப்பிடறீங்களா? ஆமா, நீங்க அங்க என்ன வேலை பாக்கறீங்க?"